உதிரிக் கணக்கு

என் வேலை எடை சொல்வது.
லாரியின் கொக்கி வலையைத் தூக்கும்,
முள் ஆடி ஆடி நிற்கும்,
நான் எண்ணைக் கத்துவேன்.
நியூ பிரிட்டன் தீவில்
பதினோரு வருடமாக இதே கத்தல்.

குலைகள் ஆண்கள் பெயரில் ஏறும்.
உதிரிக்குப் பெயர் கிடையாது.
மரம் பழுத்ததற்கு முதல் சாட்சி அதுதான்,
எண்ணெய் கூடுதலும் அதில்தான்.
பொறுக்க முதுகு வளைய வேண்டும்,
முள்மட்டைக்கு அடியில் விரல் போக வேண்டும்.
கிடந்தது. அழுகியது.
எலிகள் கொழுத்தன.

பிறகு அந்த மழை.

வாலோ ஆறு ஒரே இரவில்
பாலத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
கூடவே பள்ளிக்கூடத்தில் பாதி,
ஒன்பது பன்றி,
கௌபாவின் நிலத்தில் ஒரு மூலை.
ஏழு வாரம் என் லாரி இக்கரையில் நின்றது.
அக்கரையில் வெட்டிய குலைகள்
மலைமலையாய்க் கறுத்தன.
தூக்க முடியாத அந்தப் பாரத்தை
தினமும் நின்று
மூக்கால் எடை போட்டேன்.

கூரை போன தேவாலயத்தில் கூட்டம்.
விவசாய அலுவலகத்திலிருந்து வந்த ரொவீனா
ஒரு நீளக் கழியோடு வந்திருந்தாள்.
பேசாமல் கரையை அளந்தாள்.
மூங்கிலும் சவ்வரிசி மரமும் நின்ற இடத்தில்
மண் அப்படியே இருந்தது.
தண்ணீரின் உதடுவரை எண்ணெய்ப்பனை வைத்த இடத்தில்
கரையே இல்லை.
அவள் விளக்கவில்லை.
ஆறு ஏற்கெனவே சொல்லிவிட்டுப் போயிருந்தது.

"ஆற்றோரம் மூன்று வரிசையை எடுத்துவிடலாம்,
காடு திரும்பட்டும்" என்றாள்.

கௌபா எழுந்தான்.
"அந்த மூன்று வரிசைதான்
என் பையனுடைய பள்ளிக் கட்டணம்.
காடு வந்து கட்டுமா?"

யாரும் வாய் திறக்கவில்லை.
அவன் கேட்டதில் தப்பும் இல்லை.
யாரோ பாக்கு மென்றார்கள்.
யாரோ சுண்ணாம்பு டப்பாவை
வெறுமனே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவன் மனைவி ஸ்கொலாஸ்டிகா,
வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு,
யாரையும் பார்க்காமல்:
"கீழே கிடக்கிற உதிரி யாருடையது?"

*

அவளுக்குத் தனி வலை, தனி அட்டை,
அட்டையில் அவள் பெயர்.
முதல் நாள்
நெற்றியில் மாட்டிய பிலும் பையோடு
பாதையெல்லாம் குனிந்து வந்தாள்.
அறுபத்தொரு கிலோ.
ஒரு பெண்ணின் பெயரை
நான் அதுவரை கத்தியதே இல்லை.
குரல் பிசிறியது.
லாரி ஓட்டுநர் சிரித்தான்.

பதினான்கு நிலம், பதினான்கு அட்டை ஆயிற்று.
எடைக்கு எடை இரண்டு கினா ஒதுக்கி
இரும்புக்கயிறு வாங்கினார்கள்.
மரங்களை உருட்டிவந்தது எல்லாரும்தான்,
ஒருவரோடொருவர் பேசாதிருந்த
சிம்பு வீட்டாரும் செபிக் வீட்டாரும்கூட
ஒரே கயிற்றை இழுத்தார்கள்.
இழுக்கும்போதும் பேசவில்லை.

ஐந்தாம் மாதம்
ஸ்கொலாஸ்டிகா அட்டைச் சீட்டுகளை
கௌபாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாளாம்,
சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆறுவதற்குள்.
"உன் மூன்று வரிசையும்
இத்தனை நாள் புல்லில்தான் கிடந்தது."

அவன் கோடரியை எடுக்க
இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.
ஒரே ஒரு மரத்தை மட்டும்
என்ன காரணமோ, விட்டுவைத்தான்.
ரொவீனா பார்த்தாள்.
கழியால் ஒருமுறை தட்டிவிட்டு நகர்ந்தாள்.

இப்போது அங்கே மூங்கில் குருத்து,
வெள்ளம் கொண்டுவந்த வண்டலில் சேம்பு.
வெட்டிய மட்டைகளை யாரும் எரிப்பதில்லை,
வரிசைக்கு நடுவே கிடத்துகிறார்கள்.
அடியில் மண் கறுத்து ஈரமாக,
காளான் முளைத்து.
ஆலையிலிருந்து நான் காலியாகத் திரும்புவேன் முன்பு.
இப்போது பழம் உதிர்த்த வெறுங்குலைகளை
ஏற்றிவந்து மரத்தடியில் கொட்டுகிறேன்.
அதற்கு எடை கத்துவதில்லை.

பாலம் முழு லாரியைத் தாங்காது.
பாதிப் பாதியாக இரண்டு நடை.
ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் திட்டுகிறான்.

நேற்று கொக்கி ஸ்கொலாஸ்டிகாவின் வலையைத் தூக்கியது.
நான் வாயைத் திறந்தேன்.
"பொறு" என்றாள்.
சக்கரத்தில் கால் வைத்து ஏறி
முள் நின்ற இடத்தைத்
தானே குனிந்து பார்த்தாள்.

"சரி,
இப்போது கத்து."