சின்ன விரல்

எனக்குக் கிடைத்த வேலை மை பூசுவது.
சொந்த ஊரில் போடமாட்டார்கள்;
இந்தமுறை எங்கேயோ பிசகி
அச்சுவேலியே விழுந்துவிட்டது.

ஆறாம் வகுப்பு, 'இ' பிரிவு.
கரும்பலகையில் முதல்நாள் பின்னக்கணக்கு
விடையில்லாமல் நிற்கிறது.
மேசைக்கு அந்தப்பக்கம் இடதுகை ஒன்று வரும்.
சின்ன விரலைப் பிடிப்பேன்.
நகமும் தோலும் சந்திக்கிற இடத்தில்
ஒரு கோடு.
அடுத்தது.

முகம் பார்ப்பது பக்கத்து மேசையின் பாடு.
அவர் இலக்கத்தையும் பேரையும் உரத்து வாசிக்க
வாங்கில் நெருங்கியிருக்கும் முகவர்கள் ஐந்துபேரும்
அடிமட்டம் வைத்துப் பேரை வெட்டுவார்கள்.

எட்டு மணிக்குமுன் வெங்காயத் தோட்டம் வந்தது.
நகக்கண்ணெல்லாம் செம்மண், மை பிடிக்காது,
துணியால் துடைத்துவிட்டுப் பூசவேண்டும்.
இவர்கள் மண்வெட்டிக்கு என்பது ஊர்க்கணக்கு.
போன மாரியில் பயிர் அழுகியபோது
வரப்பில் நின்று படமெடுத்துப் போனவர்
மண்வெட்டிக்காரர்தான்.
அந்தப் படம் வாக்கைக் கூட்டியதா குறைத்ததா,
விரலைப் பார்த்துச் சொல்லமுடியாது.

பத்து மணிக்கு, பூசை முடிந்து,
சந்தனம் காயாத விரல்கள்.
கூசாவுக்குத்தான். மூன்று தலைமுறையாக.
"கூசாவிலை கழுதையை நிப்பாட்டினாலும் போடுவம்"
என்று சந்தியில் சபதம் செய்கிற
சிவக்கொழுந்து மாஸ்ரர்
இன்றைக்குக் கையை மட்டும் நீட்டினார்,
கண்ணை யன்னலுக்குக் கொடுத்துவிட்டு.

வளலாயிலிருந்து ஒரு வான்.
காணி திரும்பக் கிடைத்தும்
வேலிக்குக் கதியால் நட்டுமுடியாத சனம்.
"வான் ஆர் பிடிச்சுத் தந்தது?"
முகவர் ஒருவர் மெல்லக் கேட்டார்.
"நாங்கள்தான். ஆளுக்கு நூற்றைம்பது.
நீங்கள் தரப்போறியளோ?"

ஒட்டுவேலை பிலேந்திரனுக்கு
இடதுகையில் சின்ன விரல் இல்லை.
அதற்கு அடுத்ததும் இல்லை.
அறிவுறுத்தல் புத்தகத்தை நான் புரட்டப் புரட்ட
அவன் பொறுமையாக நின்றான்.
"நடுவிரலிலை பூசுங்கோ, ரீச்சர்.
இனி வீட்டை வாற வேட்பாளர் எல்லாருக்கும்
காட்ட வசதி."
ஐந்து முகவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.
அன்று முழுக்க அவர்கள் உடன்பட்டது
அந்த ஒன்றில்தான்.

நாலு மணிக்குப் பெட்டியை முத்திரையிட்டோம்.
எண்ணுகிற இடத்தில்
நாலைந்து சாவடிப் பெட்டிகளை ஒன்றாய்க் கொட்டிக்
கலந்துதான் எண்ணுவார்கள்.
எந்த ஒழுங்கை எதற்குப் போட்டது என்று
கடவுளுக்கும் தெரியவராது.

விடிய, ஊசி வென்றிருந்தது.

ஊசிக்கு இங்கே அலுவலகம் இல்லை.
ஊர்வலம் இல்லை, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ இல்லை.
தையல்கடைச் சுவரில் ஒரேயொரு நோட்டீஸ்,
அதையும் கடை விளம்பரம் என்றிருந்தோம்.

சந்தையில் ஒருவரும் போட்டதாக இல்லை.
பெடியள் போட்டிருப்பாங்கள் என்றார் மீன்காரர்.
தாய்மார்தான், எரிவாயு விலையிலை கோவம் என்றார்கள் பெடியள்.
வளலாய்ப் பக்கம் என்றாள் கீரைக்காரி,
வளலாய்ப் பக்கத்தவர்
தென்மேற்கே கையைக் காட்டினார்கள்.
காட்டிய கையெல்லாம்
நான் இழுத்த கோடு.

மாஸ்ரர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்.
"ஊர் கெட்டுப்போச்சுது, பிள்ளை" என்றார்,
சொல்லும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருந்தார்.
பிறகு என் விரலைப் பார்த்தார்.
"என்ன, நீர் போடேல்லையோ?"

தேர்தல் கடமைக்காரருக்குத் தபால் வாக்கு.
இரண்டு கிழமைக்கு முன்னமே
கல்விக் கந்தோரில், உறைக்குள் உறை வைத்து,
அனுப்பியாயிற்று. அதற்கு மை இல்லை.
முன்னூற்றுச் சொச்சம் விரலில் பூசியவளுக்கு
ஒரு பொட்டுக்கூட இல்லை.

"போட்டனான், மாஸ்ரர்."
"எதுக்கு?"

என் பன்பையின் காது ஒன்று
பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.
"இதைத் தைக்கவேணும்" என்றேன்.
அவர் ஒன்றும் சொல்லாமல்
தன் பையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்,
கிழிசல் உள்ள பக்கம்
என் பக்கமாக.