ஏவல் வினை

ஜயலத்திடம் நான் பிடித்த சிங்களம்
முழுக்க ஏவல் வினை.
எடு. பிடி. திருப்பு. தொடாதே.
மாளிகாவத்தைப் பட்டறையில் பதினாலு மாதம்,
அவர் ஒரு கேள்வி கேட்டு நான் அறியேன்.
முப்பத்தொரு வயதுதான் மனிதருக்கு.
கையுறையைக் கழற்றி எறிகிற விதத்திலேயே
நாங்கள் மூவரும் பிழை என்று விளங்கிவிடும்.

முதலாளி வேறு மாதிரி.
ஊரடங்கு போட்ட அன்று
நுகேகொடை வீட்டிலிருந்து குரல் பதிவு அனுப்பினார்:
நாம் ஒரு குடும்பம், பிள்ளைகள்.
அந்த மாதம் குடும்பத்துக்கு அரைச் சம்பளம்.

ஒட்சிசன் செறிவாக்கிகள் வந்து குவிந்தன,
லொறியில், ஆட்டோவில்,
ஒன்று குழந்தை தள்ளுகிற வண்டியில்.
ஒன்பதாம் நாள் ஜயலத்துக்குக் காய்ச்சல்.
வெள்ளை உடுப்புக்காரர் ஏற்றிப் போனார்கள்.
ஏறும்போதும் சொன்னார்: தொடாதே.
எதை என்று சொல்லவில்லை.

பஸ்லான் தரையில் உட்கார்ந்துவிட்டான்.
தினுஷி அவருடைய ஸ்பானர்ப் பெட்டியைத் திறந்தாள்,
பிறத்தியார் பணப்பையைத் திறக்கிறவள் போல.

இரவு பத்தேகால்.
ஐந்து லீற்றர் இயந்திரம் ஒன்று.
வடிகட்டி மாற்றியாச்சு, வால்வு மாற்றியாச்சு,
மஞ்சள் விளக்கு அணைய மாட்டேன் என்கிறது.
கைபேசி அடித்தது. தனிமைப்படுத்தல் நிலையம்.
பின்னால் யாரோ இருமினார்கள், அல்லது அவரே.

மொகத பேன்னே?
என்ன தெரிகிறது, என்று.

என்னிடம் பதில் சொல்ல வினைச்சொல் இல்லை.
எடு, பிடி, திருப்பு:
இவற்றை வைத்து ஒரு விடை கட்ட முடியாது.
கைபேசியைக் கம்பிரசரோடு ஒட்டிப் பிடித்தேன்.
நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
பிறகு, எனக்கும் தெரியவில்லை, என்றார்.
அந்த வாக்கியமும் அவர் வாயில் அன்றுதான் முதல்.

வாசலில் கை கழுவ வைத்த சவர்க்காரத் தண்ணீர்.
நாளுக்கு முப்பது தரம் எங்கள் தோலை உரித்த தண்ணீர்.
யோகட் கோப்பையில் அள்ளி
ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன்.
மூன்றாவது குழாயின் கழுத்தில்
ஒரு குமிழி வீங்கியது,
உடைந்தது,
திரும்ப வீங்கியது.
குமிழி! என்று தமிழில்தான் கத்தினேன்.
அவருக்குச் சொல் விளங்கியதோ,
கத்தல் விளங்கியதோ.

நான்கு மாதம். நாற்பத்தேழு இயந்திரம்.
இரண்டு எங்கள் கையாலேயே செத்தன,
அதையும் எழுதி வைத்தேன்.

ஜயலத் மெலிந்து திரும்பினார்.
மூன்றாம் நாளே பழையபடி எடு, பிடி.
ஆனால் ஒவ்வொன்றின் பிறகும்
ஒரு சின்ன இடைவெளி விடுகிறார்,
நாங்கள் ஏதும் சொன்னாலும் சொல்வோம் என்பதுபோல்.
நாங்களும் சில நாள் சொல்வதில்லை.

நாரஹேன்பிட்டி அலுவலகத்தில்
எங்கள் பயிற்சிப் பதிவேட்டைப் புரட்டிய அதிகாரி
நான்கு மாதத்தின் குறுக்கே கோடு இழுத்தார்.
நிறுவனம் மூடியிருந்த காலம்,
மேற்பார்வைக் கையொப்பம் இல்லை,
பயிற்சியாகக் கணக்கில் வராது.

அப்போ நாற்பத்தேழை எங்கே எழுதுவது, என்றேன்.
சிங்களத்தில்.
வினாக்குறியோடு.