பதினொரு ஓம்

ஒஷாவா நீதிமன்ற எழுத்துப்பதிவில்
ஜனவரி பதினாறு, ஏழாம் பக்கம் தொடக்கம் ஒன்பது வரை
'யெஸ்' பதினொரு இடத்தில் இருக்கிறது.
பதினொன்றும் என் குரல்.
சுகுணன் சொன்னது 'ஓம்'.

எங்கட ஆக்கள் போன் கதைக்கும்போது எண்ணிப் பாருங்கள்:
ஓம், ஓம், ம், ஓம் சொல்லுங்கோ.
அதில் எது சம்மதம்,
எது 'இன்னும் வைக்கேல்ல, கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்'?

இதை நான் ஆங்கிலத்தில் எழுதித் தரவேண்டுமாம்.
மேன்முறையீட்டுக்குச் சத்தியக்கடதாசி.
புதுச் சட்டத்தரணி ஒரே வரியில் கேட்டிருக்கிறார்:
அன்றைக்கு அவருக்கு விளங்கியதா?

ஏஜக்ஸில் ஒரு நிலவறை வீடு.
சீட்டுக்காசு, எண்ணூறு டொலர்.
பின்வாசற் படியில் ஐஸ்.
சினோ அள்ளுகிற சவள் முதலில் யார் கையில் இருந்தது என்பது
இரண்டு பேருக்குத்தான் தெரியும்.
ஒருவர் யூட் நிக்சன்.
அவருடைய சாட்சியம் படங்களில் இருக்கிறது.

கொலை வழக்கைக் கீழே இறக்குகிறோம்,
குற்றவாளி என்று சொல், ஒன்பது வருடம்.
பேரம் எனக்கு முன்பே முடிந்திருந்தது.
பேரம் பேசிய இருவரும் மன்றில்
ஒருவரையொருவர் 'என் நண்பர்' என்றார்கள்.
அதையும் மொழிபெயர்த்தேன்.
சுகுணன் நிமிர்ந்து பார்த்தான், தனக்கு நண்பர் யார் என்பதுபோல.

'கொலையாகாத ஆட்கொலை' என்றேன்.
கலைச்சொற் பட்டியலில் அப்படித்தான் இருந்தது.
கண்ணாடிக்குள் தலையைச் சரித்தான்.
'கொலையில்லை எண்டால்
என்னத்துக்கக்கா ஒம்பது வருசம்?'

மெல்லத்தான் கேட்டான்.
நீதிபதி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார், அது நீளமான கேள்வி,
மூன்று நிபந்தனை, ஒரு 'எனினும்'.
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்,
அவனுடைய வசனத்தை நடுவழியில் இறக்கிவிட்டு.

மைக்குக்கு அது கேட்கவில்லை.
எட்டாம் பக்கத்தில் அந்த இடத்தில்
ஒரு வெற்றுவரிகூட இல்லை.

முதல் வரைவில் நானும் விடவில்லை அந்த வரியை உள்ளே.
இரண்டாவதில் எழுதினேன், அழித்தேன்.
மூன்றாவதில் 'ஏதோ முணுமுணுத்தார்' என்று இருந்தது;
முணுமுணுப்பு நல்ல சொல், யாரையும் கடிக்காது.
நாலாவதில் முழுக்க எழுதி, சத்தியம் செய்து, கையெழுத்து வைத்தேன்.
வருகிற வருடம் பட்டியலில் என் பெயர் இருக்குமோ தெரியாது.

ரொறன்ரோவில் மூன்று நீதியரசர்கள்.
'ஓம் என்றால் ஆம், அகராதி பாருங்கள்' என்றது அரச தரப்பு.
என் இடத்தில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி,
தெளிவான குரல், பிழை சொல்ல முடியாது.
மறியலிலிருந்து திரையில் சுகுணன்.
சத்தம் கேட்கிறதா என்று கேட்டார்கள்.
ஓம் என்றான்.
யெஸ் என்றாள். வேறு என்னத்தைச் சொல்ல.

தீர்ப்பு பின்னர்.

நடையில் நிரோஜினி நின்றாள், யூட்டின் மனிசி,
கோட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.
என்னோடு கதைக்கக்கூடாது என்பது
எனக்குத்தான் தெரியும், அவளுக்கல்ல.

'அப்ப, எல்லாம் திரும்ப முதல்லயிருந்தோ?
அந்தப் படங்களையும் திரும்பக் காட்டுவினமோ?'

வாயில் வந்தது 'ஓம்'.
அவள் அதை எதுவாக எடுத்தாளோ,
கைப்பையைத் திறந்து
பஸ் கார்டைத் தேடத் தொடங்கினாள்.