விலகல் கட்டணம்

தென்னாற்காடு லீக்கிலிருந்து விலக
ஒன்பது லட்சத்து நாற்பதாயிரம்.
காசோலையில் எழுத்தால் எழுதி
'மட்டும்' என்று முடிக்க வேண்டும்.
முடித்தேன்.

மஞ்சக்குப்பம் கல்லூரியின் கணக்குப் பிரிவில்
பதினேழு வருஷமாக 'மட்டும்' எழுதுகிறேன்,
சுண்ணாம்பு மூட்டைக்கும் சுண்டல் செலவுக்கும்.
இத்தனை பெரிய தொகைக்குப் பின்னால்
அந்தச் சொல் கொஞ்சம் கூச்சப்பட்டது.

போன மாசம் முதல்வர் அறையில்
திரை கட்டிப் படம் காட்டினார்கள்.
பாண்டிச்சேரி லீக்கில் சேர்ந்தால்
ஒளிபரப்புப் பங்கு வருஷம் பதினெட்டு லட்சம்.
வாலிபால் பையன்களின்
நெஞ்சில் நகைக்கடை, முதுகில் சிமெண்ட்.
"ஆத்தைத் தாண்டினாப் போதும்" என்றார் தாளாளர்.
பெண்ணையாற்றை அவர் சொன்ன விதத்தில்
அது ஒரு வாய்க்கால்.

முள்ளோடையில் டீசல் மலிவு,
பேருந்துக்கு ஒரு நடைக்கு முந்நூறு மிச்சம்,
அதற்கும் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள்.
திரும்பும் வழியில் பையன்களின் பைகளைத்
திறந்து பார்ப்பார்களே சோதனைச் சாவடியில்,
அதற்குக் கட்டமில்லை.

பண்ருட்டியிலிருந்து சலாவுதீன் சார் பேசினார்.
அங்கே உடற்கல்வி இயக்குநர்.
"உங்க டீம் வர்ற அன்னைக்குத்தான் மேடம்
எங்களுக்கு டிக்கெட் விக்கும்.
அந்த ஒரு சாயங்காலக் காசுலதான்
வருஷம் முழுக்க ஷூ."
பேச்சை நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து,
"இந்த வருஷம் பலா எப்படி, வந்து சேர்ந்துச்சா?" என்றார்.
வந்தது சார், என்றேன்.
ஒவ்வொரு தையும் ஆட்டத்துக்கு முந்தின நாள்
வலையில் பந்தை அடிக்கும் எதிராளிக்கு
பழம் அனுப்பும் ஊர் அது.
இனி அனுப்புவார்களா
என்பதை நான் கேட்கவில்லை.

ஒன்பது நாற்பது எங்கிருந்து வந்தது?
வங்கிக்கடன் ஆறு.
பழைய மாணவர் சங்கம் ஒன்றரை.
மிச்சம் ஒன்று தொண்ணூறு
நான் தேடிக் கொடுத்தது.
பெண்கள் கோகோ, மூன்று வருஷ ஒதுக்கீடு.
தலைப்பின் மேல் பென்சிலால்
'தற்காலிக நிறுத்தம்' என்று எழுதினேன்.
பென்சில் என்பதால் பரவாயில்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சோணங்குப்பத்துக் கலைவேந்தன்
புது சட்டையில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.
அவன்மேல் எனக்கென்ன கோபம்?
அவன் அப்பாவின் படகுக்கு எஞ்சின் வாங்க
இந்த லீக்கின் ஊக்கத்தொகை உதவலாம்.
உதவட்டும்.

மூன்றரை மணிக்கு ஜன்னலில் வேம்பரசி.
தேவனாம்பட்டினம், கோகோ கேப்டன்.
கணுக்காலில் கட்டு, கையில் மருந்துக்கடை ரசீது.
அறுநூற்று நாற்பது.
கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது
பிசகிவிட்டதாம்.
அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை,
அல்லது சொல்லித்தான் வந்திருக்கிறாள்.
முகத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேரேட்டைப் புரட்டினேன்.
கோகோவில் பைசா இல்லை.
'வாலிபால், லீக் மாற்றம், இதர செலவு'
அங்கே கொஞ்சம் இருந்தது.
எழுதினேன். அறுநூற்று நாற்பது மட்டும்.

நோட்டுகளை இரண்டு தரம் எண்ணினாள்.
"அடுத்த வருஷம் நாங்க
எந்த லீக் மேடம்?"

இங்கே கையெழுத்துப் போடும்மா,
இந்தக் கோட்டுக்கு மேலே.