சாய்ந்த ஏழு

பியெல்லாவில் மழை. ஷெட்டுக்குள்
சங்கிலியில் தொங்குகிறது என்ஜின்.
அறுபத்தேழாம் வருடத்து ஆல்ஃபா.
இரண்டாம் சிலிண்டரில்
நகம் சிக்கும் கீறல்.

"ஸ்லீவ் போட்டுத் தேற்றலாம், நாலு மாதம்.
இல்லையா, டூரினில் வேறொன்று கிடக்கிறது,
வெள்ளிக்கிழமையே ஓட்டிப் போகலாம்."
பல்லிடுக்கில் பென்சிலோடு ஒர்னெல்லா.

துல்லியோ வாய் திறக்கவில்லை.
மண்ணெண்ணெய்த் துணியால்
பிளாக்கில் பொறித்த எண்ணைத் துடைக்கிறான்.
கூடப் பிறந்த எண், அதைப் போய் எப்படி

கடைசி ஏழு மட்டும் சாய்ந்திருக்கிறது.
சுற்றிலும் அரம் தேய்த்த தடம்,
அடியில் அழிந்தும் அழியாமல் ஒரு மூன்று.

யாரோ முன்பே மாற்றிவிட்டார்கள்.
இருபது வருடமாய் இவன் சீராட்டியது
தத்துப்பிள்ளையை.

ஒர்னெல்லாவும் பார்த்துவிட்டாள். இருமுகிறாள்.
சங்கிலி லேசாகச் சுழல்கிறது.

"ஸ்லீவே போடு" என்கிறான்.