7070

தை செங். பின்னிரவு இரண்டு நாற்பது.
குளிரறையில் ஸ்வெட்டர் கைகளுக்குள்
விரல்களை இழுத்து இழுத்துத் தட்டச்சு செய்கிறேன்.
பொட்டலம் கட்டி வாங்கிய கோப்பி-ஓ
வெளி மேசையில் ஆறிக்கொண்டிருக்கிறது.
உள்ளே தண்ணீர்கூட ஆகாது.

ஃபயர்வாலில் குறையில்லை.
வெளியாள் எவரும் வரவில்லை.
ஆனாலும் முப்பது வினாடிக்கொரு முறை
127.0.0.1-லிருந்து
127.0.0.1-க்கு
ஒரு தட்டல்.
வீட்டுக்குள் இருந்துகொண்டே
வீட்டுக் கதவைத் தட்டுகிற யாரோ.

7070ஆம் கதவு.
அதற்குப் பின்னால் ஒருவருமில்லை.
தட்டியதும் மறுப்பு, மறுத்ததும் ஓட்டம்.
பட்டியல் கேட்டு நான் எண்டர் அழுத்துவதற்குள்
ஆளைக் காணோம்.
பதினொரு முறை தோற்றேன்.

துரத்துவானேன் என்று அப்புறம்தான் தோன்றியது.
காலியாய்க் கிடந்த 7070-இல்
நானே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்திரண்டு வினாடி.
வந்தது.
திரையில் ஒரே சொல்:
அடா?
ஒரு கணம் என்னைத்தான் அதட்டுகிறதோ என்றிருந்தது.
மலாய்.
இருக்கிறாயா என்று கேட்கிறது.

பிடியை விடாமல்
இன்னொரு ஜன்னலில் தேடினேன்.
ப்ராசஸ் எண் கிடைத்தது, கோப்பு கிடைத்தது.
சொந்தக்காரர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில்
வெறும் 1043.
கணக்கை அழித்தவர்கள் எண்ணை விட்டுவிட்டார்கள்.

பழைய பணிப்பட்டியலில் 1043 என்றால் ஜுனைதி.
நிரந்தர இரவுப்பணி.
இந்த நாற்காலியின் கைப்பிடியில்
துணிப்பட்டை சுற்றியது அவராகத்தான் இருக்கும்.
7070-இல் ஓடியதை எப்போதோ எடுத்துவிட்டார்கள்.
நலம் விசாரிப்பதை நிறுத்த
யாருக்கும் நினைவில்லை.
நான்கு வருடப் பதிவு,
நாற்பத்திரண்டு லட்சம் வரி:
தியாடா
தியாடா
தியாடா
இல்லை, இல்லை, இல்லை.

விரல் என்னைக் கேட்கவில்லை.
அடா, என்று அடித்துவிட்டது.
கடைசி வரி மட்டும் மாறியது.

பிறகு கொன்றேன்.
மறு நிமிடமே எழுந்தது.
அது உயிரோடிருக்கிறதா என்று பார்க்க
இன்னொன்றையும் வைத்திருக்கிறார் மனிதர்!
தனியறையில் சத்தமாய்ச் சிரித்தேன்.

க்ரான் கோப்பில் அந்த வரி.
அழித்தால் முடிந்தது.
அழிக்கவில்லை,
முன்னால் ஒரு # போட்டுவிட்டு
மறுபடியும் கொன்றேன்.

முப்பது வினாடி.
இன்னொரு முப்பது.
எதுவும் தட்டவில்லை.

படிவத்தில் எழுதினேன்:
பாதிப்பு ஏதுமில்லை. நிறுத்தப்பட்டது.
காரணம் என்ற கட்டத்தைத் தாண்டிப் போனேன்.

வெளியே வந்து
ஆறிய கோப்பியை உறிஞ்சும்போதுதான் உறைத்தது:
7070-இல் நான் திறந்து வைத்த கதவை
மூடிவிட்டு வரவில்லை.