பட்ட

ஓர் எழுத்து நிமிர்ந்து நிற்க மூன்று வருஷம் ஆகும்.
எல், ஏ, பி, யூ, எல், எல், இ.
லா ப்யுல் என்பது ஹோட்டலின் பெயர்,
பிரெஞ்சில் நீர்க்குமிழி.
த்ரூ தோ தூஸ் கரையில், படகுத்துறைக்கு மேலே,
ஏழையும் டுராண்டாச் செடியில் வளர்த்தவள் நான்.
பி-தான் பாடாய்ப் படுத்தும்.
இரண்டு வயிறு அதற்கு.
மழை மாதங்களில் இடை தூர்ந்துபோய்
விருந்தினர் அதை எட்டு என்று வாசிப்பார்கள்.

போன ஜூலையில் குமிழி உடைந்தது.
வாங்கியவர்கள் வேறு பெயர் வைப்பார்களாம்.
முதல் மூன்று எழுத்தை
காலைத் தேநீருக்கு முன்பே பொக்லைன் அள்ளிப்போட்டது.
மறுநாள் பங்காளிகள் போர்ட் லூயியில் வழக்குப் போட்டார்கள்.
இயந்திரம் வந்த வழியே போயிற்று.
கடைசி இ-யைத் தென்கிழக்குக் காற்று உப்பிட்டுத் தின்றது.
அரைச் சம்பளத்துக்கு நான்,
ஒரு யூ,
இரண்டு எல்.

எனக்குத் தமிழ்
சனிக்கிழமை நான்கு மணிக்கு வரும், கோயில் கூடத்தில்.
ஐந்தரைக்குப் போய்விடும்.
மற்றபடி வாய் நிறையக் கிரியோல்.
சம்பளத் தாளில் ரூபாய் என்று தமிழிலும் இருப்பதை
இந்த வருஷம்தான் வாசித்தேன்.
இத்தனை காலம் அதை வேலிப்பூ வேலைப்பாடு என்று
நினைத்துச் செலவழித்திருக்கிறேன்.

அடுத்த திங்கட்கிழமை வாசலில் நின்று பார்த்தால்
எல் இல்லை. ட.
அதற்கடுத்ததும் ட.
ட-வில் தமிழ்ச்சொல் எதுவும் தொடங்காதாம்.
நல்லவேளை, முன்னால் யூ நின்றது.
அதன் அடிவளைவை மூலைமட்டம் வைத்து நறுக்கினேன்.
ப.
செடி மறுப்புச் சொல்லவில்லை.

நடு எழுத்துக்கு மட்டும் ஒரு புள்ளி வேண்டியிருந்தது.
அதன் தலையில் ஒரே ஒரு தளிரை வெட்டாமல் விட்டேன்,
கம்பியில் ஏற்றினேன், பக்கக் கிளைகளைக் கிள்ளினேன்.
பதினொரு வாரம்.
நுனியை உருட்டி உருட்டி
ஒரு தேங்காய் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்த கணக்கர் கேட்டார்:
அது என்ன மதாம் சுப்பராயேன், ஆப்பிளா?
குமிழி, மொஸ்யே. ஒன்று மிஞ்சிவிட்டது.
பாதிப் பொய்.
அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு
இலைகளின் விலை எவ்வளவு என்று கேட்டார்.
கடலிலிருந்து திரும்பும் படகுகளுக்கு
எல்லாம் இடவலம் மாறித் தெரியும்,
எந்த மொழியும் இல்லை அங்கே.

பட்ட. என்ன பட்ட?
வகுப்பில் கேட்டேன்.
பெயரெச்சம் என்றார் மிஸ் வெள்ளியம்மா,
பின்னால் ஒரு பெயர் வந்தால்தான் முடியும்.
பட்ட கடன் என்றது ஒரு குரல். பட்ட பாடு. பட்ட அவமானம்.
பட்ட காலிலே படும் என்று பாதிப் பழமொழி.
பெயருக்குப் பஞ்சமில்லாத வகுப்பு.
எச்சம் என்றால்? மிச்சம் என்றார் மிஸ்.
பறவை போடுவதும் அதுதான் என்றார்
பின்வரிசையில் டாக்ஸிக்கார ராசென்.
அன்று வேறு பாடம் நடக்கவில்லை.

இன்று காலை, இ இருந்த குழியில்
ஒரு கொய்யாக் கன்று.
நான் நடவில்லை.
புள்ளியின் மேல் தினமும் மைனா உட்காருகிறது,
நான் திட்டுவதும் உண்டு,
ஒவ்வொரு வெள்ளைக் கோட்டையும் கழுவ வேண்டுமே என்று.

வாசலுக்குப் போய் வரிசையாக வாசித்தேன்.
பட்ட,
அப்புறம் மரம்.
ஆறு இலை. சாண் உயரம்.
பட்டதற்கு ஓர் அடையாளமும் இல்லை அதில்.

வழக்கைப் பதினாறாம் தேதிக்குத் தள்ளியிருக்கிறார்கள்.
கத்தரியைத் தீட்டிக்கொண்டு வந்தேன்,
கடைசி ட-வின் பாதத்தை மட்டும் ஒரு விரற்கடை குறைத்தேன்.
கன்றின் மேல்
வெயில் பட வேண்டுமே.